முள் தைத்தது தெரியாத கால்

திருச்சுழி, நரிக்குடி பக்கத்துக்காரர்களுக்கு முள்ளைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்மாய்க்கரை, ஓடை, புறம்போக்கு என்று எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேல். வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரி லாரியாக அனுப்பினாலும் தீராத மரம் அது. அதன் முள் காலில் ஏறினால் ஆளைத் துள்ள வைத்துவிடும். ஊக்கால் நோண்டி வெளியே எடுக்கும்வரை வேறு வேலை ஓடாது. ஆனால் பல வருடமாகச் சுகர் உள்ள சிலருக்கு முள் ஏறியதே தெரிவதில்லை. காட்டுக்குப் போய்விட்டு வந்து வாசல்படியில் கால் வைத்ததும் தரையில் ரத்தத் தடம் தெரிகிறது. பேரப்பிள்ளை பார்த்துச் சொன்ன பிறகுதான் குனிந்து பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள்.

"அட, வலிக்கவே இல்லையே" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். பயப்பட வேண்டியதே அந்த வார்த்தைக்குத்தான்.

ரத்தத்தில் சர்க்கரை பல வருடம் கூடுதலாகவே நின்றால் நரம்பு கெடும். உடம்பிலேயே நீளமான நரம்புகள்தான் முதலில் அடிபடும். அவை போய் முடிகிற இடம் பாதம். அதனால்தான் மதமதப்பு, எரிச்சல், பஞ்சு மேல் நடப்பது மாதிரியான உணர்வு எல்லாம் காலில் ஆரம்பித்து மேலே ஏறுகின்றன. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் தேவையில்லை. டாக்டரிடம் ஒரு நைலான் இழை இருக்கும். பத்து கிராம் அழுத்தம் கொடுத்தால் வளைந்துவிடும்படி செய்த இழை. உங்களைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பெருவிரலுக்கு அடியிலும் பாதத்தின் முன்மேட்டிலும் அதை வைத்து அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்பார். இழை வளைந்தும் தெரியவில்லை என்றால் அந்தக் காலுக்கு முள்ளும் தெரியாது, செருப்புக்கடியும் தெரியாது, வெயிலில் கொதிக்கிற தார் ரோட்டின் சூடும் தெரியாது. சுகர் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கேட்டுச் செய்துகொள்ள வேண்டிய சோதனை இது. இரண்டு நிமிடம்கூட ஆகாது. நம்மில் பாதிப்பேர் செருப்பைக் கழற்றாமலே டாக்டரைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம்.

இதே கேடு காலோடு நிற்பதில்லை. நாம் நினைக்காமலே தானாக வேலை பார்க்கிற நரம்புகள் உடம்புக்குள் இருக்கின்றன. இதயத் துடிப்பைக் கூட்டிக் குறைப்பவை, வியர்வையைச் சுரக்க வைப்பவை, இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்றால் அதை வலியாக மூளைக்குச் சொல்பவை. பழைய சுகர் இவற்றையும் அரிக்கிறது. அப்போது மாரடைப்பு வந்தாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய வைக்கிற வலி வராமல் போகலாம். சினிமாவில் காட்டுகிற மாரடைப்பு இவர்களுக்கு வரும் என்று உறுதி சொல்ல முடியாது. கொஞ்சம் மூச்சு முட்டும். காரணமில்லாமல் சட்டை நனைகிற அளவுக்கு வேர்க்கும். ஓங்கரிக்கும். தாடையிலோ இடது கையிலோ மேல்முதுகிலோ ஒரு கனம். சிலருக்கு வெறும் அசதி மட்டும்தான். நேற்றுவரை எடுத்து வந்த தண்ணீர்க்குடத்தை இன்றைக்கு எடுக்க முடியவில்லை என்பதோடு சரி.

நம் ஊரில் இதற்கெல்லாம் ஒரே பெயர், வாய்வு. ஒரு கோலிசோடா, இல்லையென்றால் இஞ்சியும் ஓமமும், கேட்கவில்லை என்றால் மெடிக்கலில் ஒரு கேஸ் மாத்திரை. நிஜமாகவே வாய்வாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் நாற்பது தாண்டிய சுகர்க்காரருக்கு இப்படி வந்தால், ஈசிஜி எடுத்துப் பார்க்காமல் வாய்வு என்று சொல்கிற உரிமை யாருக்கும் இல்லை. சில பேருக்கு எப்போதோ ஒரு மாரடைப்பு வந்து, வாய்வு என்று பெயர் வாங்கிக்கொண்டு போயே போயிருக்கும். பிறகு கண் ஆபரேஷனுக்கோ குடல்வாலுக்கோ ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கும்போது, "உங்களுக்கு முன்னாடியே அட்டாக் வந்திருக்கே" என்று டாக்டர் சொல்லும்போதுதான் வீட்டுக்கே தெரியும்.

சுகரை நாம் புரிந்து வைத்திருக்கும் விதத்திலேயே ஒரு கோளாறு இருக்கிறது. அதை இனிப்பு சம்பந்தப்பட்ட நோயாக நினைக்கிறோம். காபியில் சீனி போடுவதை விட்டாச்சு, சாப்பிடும் முன் 130, சாப்பிட்ட பின் 180, முடிந்தது கணக்கு. நிஜத்தில் அது ரத்தக்குழாய் நோய். 1921, 22ல் கனடாவின் டொராண்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்படும்வரை சர்க்கரைக்காரர்கள், அதிலும் குழந்தைகள், மயக்கம் வந்தே செத்தார்கள். இன்சுலின் வந்த பிறகு அந்தச் சாவு குறைந்தது. ஆட்கள் நீண்ட நாள் இருக்க ஆரம்பித்ததும் அடுத்த எமன் யார் என்று தெரிந்தது, மாரடைப்பும் பக்கவாதமும். இன்றைக்கும் சுகர் உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் இவைதான்.

சர்க்கரை ரத்தக்குழாயை எப்படிக் கெடுக்கிறது? சீனி போய்ப் படிந்து அடைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ரத்தக்குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் கனத்துக்கு ஒரு மெல்லிய தோல் இருக்கிறது. சும்மா மூடிக்கொண்டிருக்கிற தோல் அல்ல. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைத் துளித்துளியாகச் சுரந்து குழாயை இளக வைக்கிறது, ரத்தம் ஒட்டாமல் ஓட வைக்கிறது. சர்க்கரை கூடி நின்றால் இந்தத் தோல் சுரப்பைக் குறைக்கிறது. குழாய் இறுகுகிறது. ரத்தத்தில் மிதக்கிற புரதங்களிலும் கொழுப்புத் துகள்களிலும் சர்க்கரை ஒட்டிக்கொண்டு அவற்றின் குணத்தையே மாற்றுகிறது. சுகர் உள்ளவர்களுக்குக் கெட்ட கொழுப்பின் மொத்த அளவு ரிப்போர்ட்டில் சாதாரணமாகத் தெரிந்தாலும், துகள்கள் சின்னதாகவும் கெட்டியாகவும் இருக்கும். தளர்ந்த தோலுக்குள் சுலபமாக நுழையும். கூடவே ட்ரைகிளிசரைடு ஏறும், நல்ல கொழுப்பு இறங்கும்.

உள்ளே நுழைந்த கொழுப்பை விழுங்க வெள்ளணுக்கள் வருகின்றன. விழுங்கிவிட்டு அங்கேயே செத்துக் குவிகின்றன. இப்படி வருடக்கணக்கில் சுவருக்குள் சேர்கிற குவியலை, மேலே மெல்லிய தோல் மூடிய சீழ்க்கட்டி மாதிரி நினைத்துக்கொள்ளலாம். குழாயைப் பாதிகூட அடைக்காத கட்டியாக இருக்கும். ஆள் நன்றாக நடமாடிக்கொண்டிருப்பார். ஒருநாள் மேல்தோல் கிழியும். உள்ளே இருப்பது ரத்தத்தில் பட்டதும், காயம் என்று நினைத்து ரத்தத் தட்டணுக்கள் ஓடிவந்து மொய்க்கும். சுகர் உள்ளவர்களின் தட்டணுக்கள் சும்மாவே கொஞ்சம் கூடுதலாக ஒட்டுகிற ரகம். சில நிமிடத்தில் ரத்தம் அங்கே உறைந்து குழாய் முழுக்க அடைபடும். அந்த இடம் இதயத்தில் இருந்தால் மாரடைப்பு, மூளையில் இருந்தால் பக்கவாதம். "போன வாரம்கூட நல்லா இருந்தாரே" என்று துக்க வீட்டில் சொல்வதில் பொய் இல்லை.

அடைப்பு ஒன்றுதான் வழி என்றும் இல்லை. சர்க்கரை இதயத் தசையை நேரடியாகவே விறைக்க வைத்து, ரத்தத்தை இறைக்கிற பலத்தைக் குறைக்கும். கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது, மாடிப்படியில் இளைப்பு என்று வருகிற இதயச் செயலிழப்பு சுகர்க்காரர்களிடம் கூடுதலாக வருவது இதனால்தான். கால் வீக்கத்தை உப்புத் தண்ணீர் ஒத்துக்கவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் ஒரு எக்கோ எடுத்துப் பார்க்கலாம்.

சரி, இது நம் வறண்ட காட்டுக்கு எப்படி வந்தது? பணக்கார நோய், ஏசியில் உட்கார்ந்திருப்பவர்கள் நோய் என்ற பேச்சு எப்போதோ செத்துவிட்டது. சென்னையில் டாக்டர் ரஞ்சித் மோகன் அஞ்சனா, டாக்டர் வி. மோகன் ஆகியோர் முன்னின்று நடத்தி 2023ல் வெளியிட்ட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆய்வு, நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம், ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர்.

அதிலும் நம் பக்கத்து ஆள் ஒல்லி. "அவருக்கா சுகர்? நோஞ்சானா இருக்காரே" என்பார்கள். இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. புனேயில் யாஜ்னிக் என்று ஒரு டாக்டர், லண்டனில் யுட்கின் என்று ஒரு டாக்டர், இருவரும் நண்பர்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்கிற கணக்கில் இரண்டு பேருக்கும் ஒரே எண், 22.3. பார்த்தால் இருவரும் ஒல்லிதான். உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று மெஷினில் அளந்தால் லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2 சதவீதம். 2004ல் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற படத்தோடு இது லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நம் ஒல்லி, கை காலில் தசை குறைந்து வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்த ஒல்லி. அதனால் தராசை நம்பாமல் டேப்பை எடுங்கள். தொப்புள் மட்டத்தில் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் உள்ளே கொழுப்பு ஏறிவிட்டது என்று கணக்கு.

தாய் வயிற்றில் சாப்பாடு போதாமல் வளர்ந்த பிள்ளைக்குப் பிற்காலத்தில் சுகரும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1944, 45 குளிர்காலத்தில் ஜெர்மானிய முற்றுகையால் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது. அப்போது கர்ப்பத்தில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயதில் சோதித்தபோது சர்க்கரையைத் தாங்கும் சக்தி மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. நம் மண்ணுக்குப் பஞ்சம் புதிதா? ரமணர் திருச்சுழியில் பிறந்தது 1879ல். அதற்கு முந்தின வருடம்தான் தாது வருஷப் பஞ்சம் ஓய்ந்திருந்தது. அதற்குப் பிறகும் வானம் பார்த்த பூமியில் அரை வயிற்றுக் கர்ப்பம் எத்தனை தலைமுறை நடந்திருக்கும் என்று நம் பாட்டிகளுக்குத்தான் தெரியும். பழியை முழுக்கப் பஞ்சத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் பசிக்கென்று பழகிய உடம்புக்குத் திடீரென்று மூன்று வேளையும் வெள்ளைச்சோறு கிடைத்தால் திணறத்தான் செய்யும்.

வேலையும் மாறிவிட்டது. அருப்புக்கோட்டையில் தறிக்குழிக்குள் காலை விட்டு, மிதியை மாற்றி மாற்றி மிதித்து, நாடாவை வீசிக்கொண்டிருந்த நெசவாளிக்கு உடம்பு முழுக்க வேலை. விசைத்தறி வந்ததும் நின்று பார்க்கிற வேலை ஆனது. மில்லில் நைட் ஷிப்ட், தூக்கம் கெட்ட உடம்பு, நடுராத்திரிப் பசிக்குப் புரோட்டா. கிணற்றடிக்கு நடந்தவர்கள் டூவீலரில் போகிறார்கள். வசதி வந்ததில் எனக்கு வருத்தமில்லை. நடந்தே சாக வேண்டும் என்று யாருக்கும் விதி இல்லை. ஆனால் உடம்பு செய்துகொண்டிருந்த வேலையை எடுத்துவிட்டு, பழைய அளவுக்கே தட்டை நிரப்பினால் மிச்சம் எங்கே போகும்?

சாப்பாட்டில் நம் பக்கம் இரண்டு நம்பிக்கைகள் வேரூன்றி இருக்கின்றன. ஒன்று, கருப்பட்டி சுகருக்கு ஒன்றும் செய்யாது என்பது. கருப்பட்டியில் கொஞ்சம் இரும்புச்சத்தும் மணமும் உண்டு; மீதி பெரும்பகுதி சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான். சீனி காபியை விட்டுவிட்டுக் கருப்பட்டி காபிக்கு மாறினால் பர்சுக்குத்தான் வித்தியாசம் தெரியும். மற்றொன்று, குதிரைவாலி. நம் பக்கத்துப் பயிர், பெருமைப்பட வேண்டிய தானியம். தீட்டிய பச்சரிசியைவிட நார் கூடுதல், சர்க்கரையை மெதுவாக ஏற்றும். ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். அரிசிச்சோறு எவ்வளவு பொங்கினோமோ அதே குவியலைக் குதிரைவாலியில் பொங்கி, மேலே உருளைக்கிழங்குப் பொரியலும் வைத்துக்கொண்டு, "மில்லட்தான் சாப்பிடறேன், சுகர் குறையலையே" என்றால் தானியம் என்ன செய்யும்? தட்டில் பாதி காய்கறி, கால்பங்கு பயறோ முட்டையோ மீனோ, மிச்சக் கால்பங்கில் சோறு, கம்பு, குதிரைவாலி எதுவாக இருந்தாலும் சரி. சோற்றின் இனத்தைவிட அளவுதான் முதலில்.

இதயத்துக்கு வேறொரு எதிரி அதே தட்டில் ஒளிந்திருக்கிறது. கருவாடு, மோர்மிளகாய், அப்பளம், ஊறுகாய், சாத்தூர்க் காராச்சேவு. இனிப்பு இல்லை என்ற தைரியத்தில் சுகர்க்காரர்கள் இவற்றை வஞ்சனை இல்லாமல் சாப்பிடுகிறார்கள். உப்பு பிரஷரை ஏற்றும். விருதுநகர் எண்ணெய் புரோட்டாவைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. ஊர்க்காரர்களோடு பகை வேண்டாம்.

சுகர் உள்ளவர்களுக்கு மாரடைப்பைத் தடுப்பதில் முன்னுக்கு நிற்பது சர்க்கரை எண் அல்ல என்பதை இப்போதாவது போட்டு உடைக்க வேண்டும். 1998ல் பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வின் முடிவுகள் வந்தன. சர்க்கரையை இறுக்கிப் பிடித்ததில் கண், சிறுநீரகம் போன்ற சின்னக் குழாய்க் கேடுகள் கால்பங்கு குறைந்தன. மாரடைப்பு அந்த அளவுக்கு உடனே குறையவில்லை. அதே ஆய்வில் ஒரு குழுவுக்குப் பிரஷரை மட்டும் பத்துப் புள்ளி கூடுதலாகக் குறைத்தார்கள். பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. பத்துப் புள்ளிக்கு அவ்வளவு பலன்.

அடுத்தது டென்மார்க்கில் ஒரு சின்ன ஆய்வு, 160 பேர்தான். எல்லோருக்கும் சுகர், சிறுநீரில் கொஞ்சம் புரதம் ஒழுக ஆரம்பித்தவர்கள். பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம். மற்றப் பாதிப் பேருக்குச் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, புகை, சாப்பாடு, நடை எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பிடித்து இறுக்கினார்கள். ஏறக்குறைய எட்டு வருடத்தில் இவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை பாதியாகக் குறைந்தன. இருபத்தொரு வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, ஆயுள் ஏறக்குறைய எட்டு வருடம் கூடியிருந்தது. இதில் அதிசய மருந்து எதுவும் இல்லை. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கிற ரக மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டதுதான்.

ஒழுங்காகச் சாப்பிடுவதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வாசலில் நடக்கிற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"மாத்திரை தீர்ந்திருக்கணுமே பெரியம்மா, அட்டை அப்படியே இருக்கு?"

"சுகரு கொறஞ்சிருச்சு தாயி. பெறகு எதுக்குன்னு நிறுத்திட்டேன்."

"மாத்திரை சாப்பிட்டதாலதான் கொறஞ்சிருக்கு பெரியம்மா."

"பிரஷர் மாத்திரைய மட்டும் எப்பவாச்சும் போடுறேன், தலை சுத்துனா."

தலை சுற்றினால்தான் பிரஷர் என்ற இந்த நம்பிக்கை எத்தனை பேரைப் படுக்கையில் தள்ளியிருக்கிறதோ. பிரஷருக்கென்று தனி அறிகுறி இல்லை. 180ல் ஒருவர் சிரித்துப் பேசிக்கொண்டு மல்லிகைப்பூ எடுத்துக்கொண்டிருப்பார்.

சுகர் உள்ளவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய எண்கள் இவை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, பலருக்கு 7க்குக் கீழே. வயதானவர்கள், ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள், தனியாக இருப்பவர்கள் இதைவிடக் கீழே கொண்டுபோகப் போராட வேண்டாம். 2008ல் அமெரிக்காவில் 6க்குக் கீழே இறுக்கிப் பார்த்த ஆய்வில் சாவு கூடியதால் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். பிரஷர் 130க்கு 80க்குக் கீழே. எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு, சுகரோடு பிரஷர், புகை போன்ற வேறு ஆபத்தும் இருந்தால் 70க்குக் கீழே. நான்காவதாக, சிறுநீரில் அல்புமின். இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. கிட்னிக்கான சோதனை என்று நினைக்கிறார்கள். அல்புமின் ஒழுகினால் உடம்பு முழுக்க ரத்தக்குழாயின் உள்தோல் ஒழுக ஆரம்பித்திருக்கிறது, இதயத்திலும்தான், என்று அர்த்தம்.

கொழுப்பு மாத்திரைக்கு ஊரில் கெட்ட பெயர். கை கால் வலிக்கும், ஈரல் போய்விடும் என்று வாட்ஸ்அப் வைத்தியர்கள் பயமுறுத்துகிறார்கள். 2004ல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், இதய நோயே இல்லாத 2,838 சுகர்க்காரர்களில் பாதிப் பேருக்கு அடார்வாஸ்டாட்டின் வெறும் 10 மில்லிகிராம் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 37 சதவீதம் குறைந்தன. நாற்பது தாண்டிய சுகர்க்காரருக்கு டாக்டர் இதை எழுதிக் கொடுத்தால், "எனக்குக் கொலஸ்ட்ரால் நார்மல்தானே" என்று திருப்பிக் கொடுக்க வேண்டாம். தசைவலி வந்தால் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். ஆஸ்பிரின் வேறு கதை. அடைப்பு வந்தவர்களுக்கு அது அவசியம். வராதவர்கள் முன்னெச்சரிக்கையாகத் தாங்களே வாங்கிச் சாப்பிடுவதில், தப்பிக்கிற மாரடைப்புக்கு ஈடாக வயிற்றில் ரத்தக்கசிவு வருகிறது.

புது மாத்திரைகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எம்பாகிளிஃப்ளோசின் என்று பெயர்; சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். 2015ல், இதய நோயும் சுகரும் சேர்ந்த 7,020 பேரிடம் நடந்த ஆய்வில் இதய நோய்ச் சாவு 38 சதவீதம் குறைந்தது. சர்க்கரையைக் குறைத்ததைவிடப் பெரிய பலன். 2025 மார்ச்சில் இந்தியாவில் காப்புரிமை முடிந்ததும் பல கம்பெனிகள் செய்ய ஆரம்பித்து விலை சரிந்துவிட்டது. ஆனால் நம் சித்திரை வெயிலில் காட்டுவேலை செய்கிறவர் இதைச் சாப்பிட்டால் உடம்பில் நீர் வற்றும்; வாந்தி பேதி, பட்டினி விரதம் வருகிற நாளில் நிறுத்தி வைக்க வேண்டும். பிறப்புறுப்பில் அரிப்பு வரலாம், கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். அதேபோல கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றில் களையெடுக்கப் போனால் சர்க்கரை தடாலென்று இறங்கும். நடுக்கம், படபடப்பு, கண் இருட்டு. இதயத்துக்கு அதுவும் ஆபத்து. கருப்பட்டி மருந்தாகிற ஒரே நேரம் இதுதான். ஒரு துண்டு வாயில் போட்டுக் கடித்து, பின்னால் சாப்பிட வேண்டும்.

பெண்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. மாதவிலக்கு நிற்கும்வரை பெண்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வரும் என்ற பாதுகாப்பைச் சுகர் பறித்துவிடுகிறது. கர்ப்பத்தில் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தபோது, "சுகர் இருக்கு" என்று சொல்லப்பட்டவர்களுக்குப் பிரசவத்தோடு அது மறைந்திருக்கலாம். ஆனால் அவர்கள் வருடா வருடம் சோதித்துக்கொள்ள வேண்டிய ஆட்கள். தடுக்க முடியாதா என்றால், முடியும். சுகரின் வாசலில் நின்ற 531 பேரிடம் சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் நடத்தி 2006ல் வெளியிட்ட ஆய்வில், நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் மட்டுமே நோய் வருவதை 28.5 சதவீதம் குறைத்தன.

எல்லாம் மீறி அந்த நேரம் வந்துவிட்டால் என்ன செய்வது? திருச்சுழியிலிருந்தோ நரிக்குடியிலிருந்தோ மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உறைந்த ரத்தக்கட்டியை ஊசி போட்டுக் கரைக்கவோ ஆஞ்சியோ செய்து திறக்கவோ முதல் சில மணி நேரத்துக்குள்தான் முழுப் பலன். அடைத்த நேரத்திலிருந்தே ஒவ்வொரு நிமிடமும் கொஞ்சம் இதயத் தசை செத்துக்கொண்டே போகும். அதனால் சொந்தக்காரன் கார் எடுத்து வருவான் என்று காத்திருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். ஆளைப் பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோக வேண்டாம், நடக்க விட வேண்டாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் வழியில் இருந்தால் அங்கே நிறுத்துங்கள். 2023ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடார்வாஸ்டாட்டின் மூன்றும் சேர்ந்த 14 மாத்திரைகளை முதல் தவணையாக அங்கேயே கொடுத்துவிட்டுத்தான் மேலே அனுப்புவார்கள். உறைகிற ரத்தத்தை வழியிலேயே கொஞ்சம் பிடித்து நிறுத்துகிற வேலை அது. அருப்புக்கோட்டையோ, 2022ல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, மதுரையோ, எங்கே போக வேண்டும் என்பதை ஈசிஜியைப் பார்த்த டாக்டர் சொல்லட்டும்.

போகிற வழியில் ஆட்கள் செய்கிற இரண்டு காரியங்கள் உயிரை வாங்குகின்றன. சோடா கொடுத்துப் பார்ப்பது ஒன்று. சுகர் கூடிவிட்டதோ என்று பயந்து கையில் இருக்கிற சுகர் மாத்திரையை இன்னொன்று போட்டுவிடுவது மற்றொன்று. இரண்டும் வேண்டாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மாத்திரை அட்டைகளையும், கடைசியாக எடுத்த ஈசிஜி தாளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற ஆணியில் மாட்டி வையுங்கள். ஈசிஜி தாளில் கோடு நாளாக நாளாக மங்கிவிடும். எடுத்த அன்றே ஒரு ஜெராக்ஸ் போட்டுக்கொள்வது நல்லது. பழைய தாள் பக்கத்தில் இருந்தால்தான், புதிய தாளில் தெரிகிற கோணல் இன்றைக்கு வந்ததா, எப்போதோ வாய்வு என்று பெயர் வாங்கிப் போனதா என்று டாக்டருக்கு உடனே தெரியும்.